துப்பாக்கியோடு சேர்ந்து வரும் பொறுப்பு: அமெரிக்கத் தற்காப்புச் சட்டம் சொல்வதும் சொல்லாததும்

டெக்சாஸ் மாநிலம் யுவால்டி நகரின் தொடக்கப் பள்ளி ஒன்றில் 2022 மே 24 அன்று 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பள்ளிக்கு வந்து சேர்ந்த போலீஸார் மொத்தம் 376 பேர். கொலையாளி இருந்த வகுப்பறைக்குள் நுழைந்து அவனைச் சுட்டு வீழ்த்த அவர்களுக்கு 77 நிமிடங்கள் ஆயின. அந்த நாட்களில் அமெரிக்காவில் ஒரு பேச்சு திரும்பத் திரும்பக் கேட்டது: "உங்களைக் காப்பாற்றும் கடமை சட்டப்படி போலீஸுக்குக் கிடையாது. உங்கள் உயிருக்கு நீங்கள்தான் பொறுப்பு." அடுத்த மாதமே, ஜூன் 23 அன்று, வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது அரசியல் சாசன உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது குழப்பமாகவே இருக்கும். காப்பாற்றும் கடமை இல்லாத போலீஸ் எதற்கு? கடமை இல்லை என்பது உண்மையானால், ஆளுக்கொரு துப்பாக்கி என்பதுதான் விடையா? சரி, ஒருவர் துப்பாக்கி ஏந்துகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் எதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்? தொலைக்காட்சி விவாதங்கள் முதல் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகின்றன. மூன்றாவது கேள்வியில்தான் மனிதர்களின் வாழ்க்கை சிக்கிக்கொள்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் அதற்குத்தான் அதிக இடம்.

போலீஸுக்குக் கடமை இல்லை என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. ஆனால் அதன் பொருள் வரையறைக்கு உட்பட்டது. அமெரிக்க நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் கொள்கை இது: போலீஸின் கடமை பொதுமக்கள் என்ற மொத்தக் கூட்டத்துக்கானது, தனித்தனி நபருக்கானது அல்ல. எனவே போலீஸ் வரவில்லை, தாமதமாக வந்தது, வந்தும் சும்மா நின்றது என்பதற்காகப் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தால் அது பொதுவாக நிற்காது. இதை நிலைநிறுத்திய மூன்று தீர்ப்புகள் முக்கியமானவை.

1. 1981, வாரன் வழக்கு, வாஷிங்டன் நகரம். மாடியில் ஒளிந்திருந்த இரண்டு பெண்கள், கீழே தோழி தாக்கப்படுவதைக் கேட்டு இருமுறை போலீஸை அழைத்தார்கள். வந்தவர்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று பெண்களும் 14 மணி நேரம் சித்திரவதைக்கு உள்ளானார்கள். நகரத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 4–3 என்ற கணக்கில் அவர்களுடைய வழக்கை ஏற்க மறுத்தது.

2. 1989, டிஷேனி வழக்கு, விஸ்கான்சின். தந்தை தன் சிறு மகனை அடித்துத் துன்புறுத்துவது மாவட்டச் சமூக நலத் துறைக்குத் தெரியும். பதிவேட்டில் குறித்துக்கொண்டே வந்தார்கள், குழந்தையை மீட்கவில்லை. நான்கு வயதில் அவனுடைய மூளை நிரந்தரமாகச் சேதமடைந்தது. அரசு தானே தீங்கு செய்வதைத்தான் அரசியல் சாசனம் தடுக்கிறது, இன்னொரு தனிநபர் செய்யும் தீங்கிலிருந்து காப்பாற்றும்படி அரசை அது கட்டாயப்படுத்தவில்லை என்று உச்ச நீதிமன்றம் 6–3 என்ற கணக்கில் சொன்னது.

3. 2005, காஸில் ராக் வழக்கு, கொலராடோ. பிரிந்து வாழும் கணவர் மீது மனைவி நீதிமன்றத் தடை உத்தரவு பெற்றிருந்தார். 1999 ஜூன் மாத மாலை ஒன்றில், வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று மகள்களையும் கணவர் அழைத்துப் போய்விட்டார். தாய் அன்று இரவு முழுக்கப் போலீஸைத் தொலைபேசியில் அழைத்தார். நள்ளிரவுக்குப் பின் காவல் நிலையத்துக்கே போனார். எதுவும் நடக்கவில்லை. அதிகாலை 3.20 மணிக்குக் கணவர் காவல் நிலையத்துக்கு வந்து துப்பாக்கியால் சுட்டார். போலீஸார் திருப்பிச் சுட்டதில் இறந்தார். அவருடைய வண்டிக்குள் மூன்று சிறுமிகளின் உடல்கள் கிடந்தன. தடை உத்தரவை அமல்படுத்தச் சொல்லிக் கேட்கும் அரசியல் சாசன உரிமை அந்தத் தாய்க்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 7–2 என்று தீர்ப்பளித்தது. 2011-இல் அமெரிக்க நாடுகளிடையிலான மனித உரிமை ஆணையம், இந்த விஷயத்தில் அமெரிக்கா அந்தத் தாயின் மனித உரிமைகளை மீறியது என்று அறிவித்தது. ஆனால் உள்நாட்டுச் சட்டம் மாறவில்லை.

இந்தத் தீர்ப்புகள் நெஞ்சை உறைய வைப்பவை. ஆனால் இவை சொல்வது இழப்பீட்டு வழக்கைப் பற்றி மட்டுமே. போலீஸ் யாரையும் காப்பாற்றாது என்றோ, காப்பாற்றத் தேவையில்லை என்றோ இவை சொல்லவில்லை. காவலில் இருக்கும் கைதியைப் பாதுகாப்பது அரசின் கடமை. அரசே ஒருவரை ஆபத்தில் தள்ளியிருந்தாலும் பல நீதிமன்றங்கள் வழக்கை ஏற்கின்றன.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். துப்பாக்கி உரிமைக்காக வாதிடுவோர் அதிகம் எடுத்துக்காட்டுவது காஸில் ராக் வழக்கைத்தான். ஆனால் காவல் நிலைய வாசலில் அந்தக் கணவர் சுட்ட கைத்துப்பாக்கி, அன்று மாலைதான் வாங்கப்பட்டது. போலீஸை நம்பி இருக்க முடியாது என்பதற்கு அந்த வழக்கு சான்று. ஆபத்தானவர் கைக்கு ஆயுதம் எவ்வளவு எளிதாகப் போய்ச் சேருகிறது என்பதற்கும் அதே வழக்குதான் சான்று. இதில் ஒரு பாதியை மட்டும் சொல்கிறவர் வாசகருக்கு நியாயம் செய்யவில்லை.

ஏந்தும் உரிமை வந்த வழி

அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் 1791-இல் நடைமுறைக்கு வந்தது. ஆங்கில மூலத்தில் மொத்தம் 27 சொற்கள். முன்பாதி மக்கள் படையைப் பற்றிப் பேசுகிறது. பின்பாதி ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையைப் பற்றிப் பேசுகிறது. படையில் சேர்வதற்கான உரிமையா, தனிமனித உரிமையா என்ற விவாதத்துக்கு உச்ச நீதிமன்றம் தெளிவாக விடை சொன்னது 2008-இல்தான்.

1. ஹெல்லர் வழக்கு, 2008. வாஷிங்டன் நகரம் 1976 முதல் கைத்துப்பாக்கிக்கு விதித்திருந்த தடை 5–4 என்ற கணக்கில் ரத்தானது. வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்றது தீர்ப்பு. இந்த உரிமை எல்லையற்றது அல்ல, பள்ளி, அரசுக் கட்டடம் போன்ற இடங்களில் தடை விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.
2. மெக்டொனால்டு வழக்கு, 2010. அந்த உரிமை மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தும் என்றானது.
3. ப்ரூயன் வழக்கு, 2022. மற்றவர்களுக்கு இல்லாத தனிப்பட்ட அபாயம் தனக்கு இருப்பதை நிரூபித்தால்தான் உரிமம் என்று நியூயார்க் வைத்திருந்த விதி, 6–3 என்ற கணக்கில் விழுந்தது. துப்பாக்கியைக் கட்டுப்படுத்தும் எந்தச் சட்டமும் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்ற புதிய அளவுகோலும் வந்தது.
4. ரஹிமி வழக்கு, 2024. குடும்ப வன்முறை காரணமாகத் தடை உத்தரவுக்கு உள்ளானவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற மத்தியச் சட்டம் 8–1 என்று நிலைத்தது. ஆபத்தானவர்களிடமிருந்து ஆயுதத்தை விலக்கி வைப்பதும் அந்நாட்டு மரபுதான் என்றது நீதிமன்றம்.

இதற்கிடையில் மாநிலங்கள் வேறொரு திசையில் வேகமாகப் போயின. வெர்மான்ட் ஒருபோதும் உரிமம் கேட்டதில்லை. அலாஸ்கா 2003-இலும், அரிசோனா 2010-இலும், டெக்சாஸ் 2021-இலும், புளோரிடா 2023-இலும் உரிமம் இல்லாமலே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதித்தன. 2024-இல் இத்தகைய மாநிலங்கள் 29 ஆகிவிட்டன. இதன் நடைமுறை விளைவைப் பலரும் கவனிப்பதில்லை. உரிமம் போனபோது, பல மாநிலங்களில் அதோடு இணைந்திருந்த கட்டாய வகுப்பும் சுடும் தேர்வும் போய்விட்டன. சட்டம் அப்படியே இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்கும் இடம்தான் இல்லை.

எப்போது சுடலாம்: ஐந்து நிபந்தனைகள்

ஏந்தும் உரிமையும் சுடும் உரிமையும் வேறு வேறு சட்டங்கள். முதலாவது அரசியல் சாசனத்தில் இருக்கிறது. இரண்டாவது ஒவ்வொரு மாநிலத்தின் குற்றவியல் சட்டத்திலும் இருக்கிறது. அது ப்ரூயன் தீர்ப்பால் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் சொற்கள் மாறினாலும் அடிப்படையில் ஐந்து நிபந்தனைகள் உள்ளன. இவற்றில் ஒன்று உடைந்தாலும் தற்காப்பு என்ற வாதம் பலவீனமாகும். பல நேரங்களில் அடியோடு சரியும்.

1. சண்டையைத் தொடங்கியவராக இருக்கக் கூடாது. ஜார்ஜியாவில் 2020 பிப்ரவரியில், தெருவில் ஓடிக்கொண்டிருந்த 25 வயதுக் கறுப்பின இளைஞரை மூன்று வெள்ளையர்கள் வண்டிகளில் துரத்தினார்கள்; அவர்களில் ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். அவர் என் துப்பாக்கியைப் பறிக்க வந்தார், அதனால் சுட்டேன் என்றார் சுட்டவர். துரத்தி மறித்தது நீங்கள்தானே என்ற கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. 2021 நவம்பரில் மூவரும் கொலைக் குற்றவாளிகள் என்று ஜூரி முடிவு செய்தது. தானே உருவாக்கிய ஆபத்திலிருந்து தன்னைக் காத்துக்கொண்டதாகச் சொல்வதைச் சட்டம் ஏற்பதில்லை.

2. ஆபத்து அந்தக் கணத்தில் இருக்க வேண்டும். நேற்று மிரட்டியதும், நாளை தாக்கக்கூடும் என்ற பயமும் போதாது. ஆபத்து முடிந்த கணத்தில் உரிமையும் முடிந்துவிடுகிறது. இந்த இடத்தில்தான் மிக நல்ல மனிதர்கள்கூட வழுக்கி விழுகிறார்கள். ஓக்லஹோமா நகரில் 2009-இல் கொள்ளையடிக்க வந்த 16 வயதுச் சிறுவனை மருந்துக் கடைக்காரர் சுட்டார். அதுவரை எவரும் அவர் மீது குறை சொல்லவில்லை. பிறகு அவர் இன்னொரு துப்பாக்கியை எடுத்துவந்து, தரையில் நினைவின்றிக் கிடந்தவன் மீது மேலும் ஐந்து முறை சுட்டார். முதல் குண்டு தற்காப்பு. அடுத்த ஐந்தும் கொலை. அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. புளோரிடாவில் 2018-இல், வாகன நிறுத்துமிடத் தகராறில் கீழே தள்ளப்பட்ட ஒருவர், தள்ளியவர் பின்வாங்கும்போது சுட்டுக் கொன்றார். பின்வாங்கும் அந்தச் சில அடிகள் கண்காணிப்பு கேமராவில் பதிவாகியிருந்தன. 20 ஆண்டுச் சிறை.

3. பதில் தாக்குதல் ஆபத்துக்கு ஈடாக இருக்க வேண்டும். துப்பாக்கியால் சுடுவது எப்போதுமே உயிர்பறிக்கும் பலம் என்றுதான் சட்டம் கணக்கில் கொள்கிறது. உயிருக்கோ, கடுமையான உடற்காயத்துக்கோ அபாயம் இருந்தால் மட்டுமே அதற்கு இடம் உண்டு. அறைந்தவரையும் திட்டியவரையும் சுட முடியாது. வெறும் பொருளைக் காப்பதற்காகச் சுடுவது ஏறக்குறைய எங்குமே குற்றம். இரவுத் திருட்டு போன்ற சில சூழல்களில் அதை அனுமதிக்கும் டெக்சாஸ் ஒரு விதிவிலக்கு.

   பயமுறுத்த வானத்தை நோக்கிச் சுடுவது பற்றி ஒரு சொல். திரைப்படங்கள் அதைக் கருணையாகக் காட்டுகின்றன. சட்டத்தின் கண்ணில் அதுவும் உயிர்பறிக்கும் பலப் பிரயோகம்தான். புளோரிடாவில், தன்னை முன்பு தாக்கியிருந்த கணவரை மிரட்ட ஒரு குண்டு சுட்ட பெண்ணுக்கு, எவருக்கும் காயமில்லாத நிலையிலும், 2012-இல் 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி, ஏறத்தாழ மூன்று ஆண்டுச் சிறைக்குப் பின் அவர் வெளியே வந்தார். அந்த வழக்கால் எழுந்த கொந்தளிப்பில் மாநிலம் 2014-இல் சட்டத்தையே திருத்தியது.

4. தவிர்க்க முடிந்ததா? சில மாநிலங்களில், பாதுகாப்பாக விலகிச் செல்ல வழி இருந்தும் சுட்டால் அது குற்றம். வேறு மாநிலங்களில் இந்த நிபந்தனையே இல்லை. இது தனியே பேச வேண்டிய விஷயம்.

5. நம்பிக்கை நியாயமானதாக இருக்க வேண்டும். நான் உண்மையிலேயே பயந்தேன் என்பது பாதி விடை. அதே இடத்தில், அதே தகவலோடு நிற்கும் ஒரு சாதாரண மனிதரும் பயந்திருப்பாரா என்பது மறுபாதி. நியூயார்க் மாநிலத்தின் ஹெப்ரான் ஊரில் 2023 ஏப்ரல் இரவு ஒன்றில், வழி தவறிய சில இளைஞர்களின் வண்டிகள் ஒரு வீட்டுப் பாதைக்குள் நுழைந்து திரும்பின. வீட்டுக்காரர் வராந்தாவிலிருந்து சுட்டார். ஒரு வண்டியில் இருந்த 20 வயதுப் பெண் இறந்தார். பயந்துவிட்டேன் என்ற வாதத்தை ஜூரி ஏற்கவில்லை. குறைந்தது 25 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் என்று தண்டனை வந்தது.

நியாயத்தை அளக்கும்போது நீதிமன்றங்கள் சூழலின் நெருக்கடியையும் பார்க்கின்றன. 1921-இல் வந்த பிரவுன் வழக்கில் நீதிபதி ஹோம்ஸ் எழுதியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: ஓங்கிய கத்தியின் முன் நிற்பவரிடம் நிதானமான ஆலோசனையை எதிர்பார்க்க முடியாது. ஆகவே சுட்டவர் நினைத்தது தவறாகப் போனாலும், அந்தத் தவறு நியாயமானதாக இருந்தால் அவர் தப்பலாம். தற்காப்பு என்ற வாதம் எழுந்துவிட்டால், அது தற்காப்பு இல்லை என்று நிரூபிக்கும் சுமை ஏறக்குறைய நாடு முழுவதும் அரசுத் தரப்பின் மீதே விழுகிறது. ஓஹையோ மட்டும் நெடுங்காலம் அந்தச் சுமையைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீது வைத்திருந்தது. 2019-இல் அதுவும் மாறியது.

பின்வாங்குவதா, நிற்பதா?

செய்திகளில் அதிகம் குழப்பம் தரும் பகுதி இது. மூன்று கொள்கைகள் ஒன்றோடொன்று கலந்து பேசப்படுகின்றன.

முதலாவது, பின்வாங்கும் கடமை. நியூயார்க், நியூ ஜெர்சி, மினசோட்டா போன்ற மாநிலங்களில், வீட்டுக்கு வெளியே பாதுகாப்பாக விலக வழி இருந்தால் விலக வேண்டும். 2024-இல் மினசோட்டா உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆயுதத்தைக் காட்டி மிரட்டுவதற்கு முன்பும் விலகப் பார்க்க வேண்டும் என்றது. இரண்டாவது, வீட்டுக் கோட்டை விதி: அத்துமீறி நுழைந்தவருக்கு எதிராகச் சொந்த வீட்டில் பின்வாங்கத் தேவையில்லை. பின்வாங்கும் கடமை உள்ள மாநிலங்களும் இதைப் பொதுவாக ஏற்கின்றன. மூன்றாவது, நின்ற இடத்திலேயே நிற்கும் உரிமை. 2005-இல் புளோரிடா இதைச் சட்டமாக்கியது; இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. சட்டப்படி ஒருவர் இருக்க உரிமையுள்ள எந்த இடத்திலும் அவர் பின்வாங்கத் தேவையில்லை என்பது அதன் சாரம்.

இந்த மூன்றாவது விதி நீக்குவது நான்காவது நிபந்தனையை மட்டும்தான். மற்ற நான்கும் அப்படியே நிற்கின்றன. வாகன நிறுத்துமிட வழக்கில் ஷெரிஃப் (மாவட்டக் காவல் தலைவர்) முதலில் இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் கைது செய்யத் தயங்கினார். கடைசியில் ஜூரி தண்டித்தது இரண்டாவது நிபந்தனையை வைத்து. "இங்கே எனக்கு நிற்க உரிமை உண்டு" என்பதை "இங்கே எனக்குச் சுட உரிமை உண்டு" என்று புரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது உயிர்களை விலையாகக் கேட்கிறது. புளோரிடாவில் இந்தச் சட்டத்துக்குப் பின் மாதாந்தரக் கொலை விகிதம் சுமார் 24 சதவீதம் கூடியதாக 2017-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான ஆய்வு காட்டியது.

சுட்ட பிறகு

2022 ஜூலை 17. இந்தியானா மாநிலம் கிரீன்வுட் நகர வணிக வளாகத்தில் ஒருவன் சுடத் தொடங்கி மூவரைக் கொன்றான். அங்கிருந்த 22 வயது இளைஞர் ஒருவர் தன் கைத்துப்பாக்கியை எடுத்து 15 வினாடிகளுக்குள் அவனை வீழ்த்தினார். உரிமமில்லாமல் ஏந்தலாம் என்ற அம்மாநிலச் சட்டம் அதற்கு 16 நாட்கள் முன்புதான் நடைமுறைக்கு வந்திருந்தது. எத்தனை உயிர்களை அவர் காப்பாற்றினார் என்று எண்ணிச் சொல்ல முடியாது. அவருடைய துணிவு நாடு முழுவதும் போற்றப்பட்டது.

அதற்கு ஓராண்டு முன், 2021 ஜூன் 21 அன்று, கொலராடோவின் அர்வாடா நகரில், ஒரு போலீஸ் அதிகாரியைக் கொன்ற ஆயுததாரியை அருகிலிருந்த குடிமகன் ஒருவர் சுட்டு வீழ்த்தினார். கொலையாளியின் நீளத் துப்பாக்கியை அவர் கையில் எடுத்த நேரத்தில் அங்கே வந்த இன்னொரு போலீஸ்காரர், இவர்தான் கொலையாளி என்று எண்ணிச் சுட்டார். காப்பாற்ற வந்தவர் இறந்தார். சுட்ட அதிகாரி மீது வழக்குத் தொடுக்கப்படவில்லை.

இரண்டு பேரும் துணிந்தவர்கள், இரண்டு பேரும் சரியான ஆளையே சுட்டவர்கள். சீருடை இல்லாதவர் கையில் இருக்கும் துப்பாக்கி, சற்றுத் தாமதித்து வருகிறவருக்குக் கொலையாளியின் துப்பாக்கியைப் போலத்தான் தெரியும். ஆகவே பயிற்சியாளர்கள் வலியுறுத்துவது இது: ஆபத்து நீங்கியதும் ஆயுதத்தை உறைக்குள் வையுங்கள் அல்லது கீழே வையுங்கள், 911 என்ற அவசர உதவி எண்ணை அழைத்து உங்கள் உடை, நீங்கள் நிற்கும் இடம் ஆகியவற்றைச் சொல்லுங்கள், போலீஸ் வரும்போது வெறும் கைகளைக் காட்டுங்கள்.

இதன் பிறகு வருபவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சுட்டவர் கைது செய்யப்படலாம். துப்பாக்கி ஆதாரமாகப் பறிமுதலாகும். ஜாமீன், வழக்கறிஞர், நிபுணர் சாட்சி என்று செலவு ஏறும். குற்றவியல் வழக்கில் விடுதலையானாலும், பல மாநிலங்களில் இறந்தவர் குடும்பம் இழப்பீட்டு வழக்குத் தொடுக்கலாம். அங்கே நிரூபிக்க வேண்டிய அளவு குறைவு. வீட்டுக் காப்பீடுகள் பொதுவாக வேண்டுமென்றே செய்த செயல்களுக்குப் பணம் தருவதில்லை. குறி தவறிய குண்டு வழிப்போக்கரைத் தாக்கினால் அதற்கும் சுட்டவரே பதில் சொல்ல வேண்டியிருக்கலாம். குறி தவறுவது அபூர்வமும் அல்ல. நியூயார்க் நகரப் போலீஸாரின் துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்த ராண்ட் நிறுவனம், எதிராளியும் சுடும் மோதல்களில் போலீஸார் சுட்ட குண்டுகளில் 18 சதவீதமே இலக்கைத் தொட்டதாக 2008-இல் தெரிவித்தது. அவர்கள் தொடர்ந்து பயிற்சி பெறுகிறவர்கள்.

துப்பாக்கி எவ்வளவு காப்பாற்றுகிறது?

நேர்மையான விடை: எண்ணிக்கையில் உடன்பாடு இல்லை. 1990-களில் சுமார் 5,000 பேரைத் தொலைபேசியில் கேட்டு நடத்திய ஆய்வு, ஆண்டுக்கு 25 லட்சம் வரை தற்காப்புப் பயன்பாடுகள் என்று கணித்தது. அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்போ ஆண்டுக்குச் சுமார் 60,000 முதல் 70,000 வரை என்கிறது. முதல் ஆய்வில், அபூர்வ நிகழ்வு ஒன்றைச் சிறு மாதிரியிலிருந்து நாட்டளவுக்குப் பெருக்கும்போது சிலரின் தவறான பதில்கூட லட்சங்களாக வீங்கிவிடும். இரண்டாவது, குற்றத்துக்கு உள்ளானதாகச் சொன்னவர்களிடம் மட்டுமே கேட்கிறது. உண்மை எங்கோ இடையில் இருக்கலாம். 25 லட்சத்தை நிறுவப்பட்ட உண்மைபோல் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

மறுபக்கக் கணக்கு உறுதியானது. 2023-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 46,700 பேர். அவர்களில் சுமார் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கலிபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், கைத்துப்பாக்கி உள்ள ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு, இல்லாத ஆண்களைவிட 8 மடங்கு. பெண்களில் அது 35 மடங்கு. 2020 முதல், 1 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களின் இறப்புக்கு முதல் காரணமே துப்பாக்கிதான்.

துப்பாக்கி உரிமையாளர்களில் 72 சதவீதத்தினர் பாதுகாப்பையே முக்கியக் காரணமாகச் சொல்வதாக 2023-இல் ப்யூ ஆய்வு மையம் கண்டது. அந்தக் காரணம் பொய்யல்ல. துரத்தும் முன்னாள் கணவரிடமிருந்து தப்பி, போலீஸ் எட்டாத கிராமப்புறத்தில் தனியே வாழும் பெண்ணின் பயத்தை எண்ணிக்கை காட்டித் தள்ளிவிட முடியாது. ஆனால் வெளியிலிருந்து வரும் ஆபத்தை எடைபோடுகிறவர், அதே கையால் வீட்டுக்குள் இருக்கும் ஆபத்தையும் எடைபோட வேண்டும்: மனச்சோர்வில் இருக்கும் ஒருவர், மதுவுக்கு அடிமையான ஒருவர், எதையும் திறந்து பார்க்கும் குழந்தை. இவர்களில் ஒருவர் வீட்டில் இருக்கும் காலத்தில் ஆயுதத்தை வீட்டைவிட்டே வெளியே அனுப்புவதும் தற்காப்புதான் என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பொறுப்பைச் சட்டமும் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறது. மிச்சிகனின் ஆக்ஸ்போர்டு நகரப் பள்ளியில் 2021 நவம்பரில் 15 வயது மாணவன் நான்கு மாணவர்களைக் கொன்றான். அவனுக்குத் துப்பாக்கி வாங்கிக்கொடுத்து, பூட்டி வைக்காமல், அவனுடைய மனநிலை பற்றிய எச்சரிக்கைகளையும் புறக்கணித்த பெற்றோர் இருவரும் தனித்தனி விசாரணைகளில் மரணத்துக்குக் காரணமானவர்கள் என்று தீர்ப்பானார்கள். 2024 ஏப்ரலில் இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டுச் சிறை. பள்ளித் துப்பாக்கிச் சூடு ஒன்றுக்காக அமெரிக்காவில் பெற்றோருக்கு இப்படித் தண்டனை கிடைத்தது அதுவே முதல் முறை.

எல்லை தாண்டும்போது

ஏந்துகிறவர் தினமும் சந்திக்கும் சிக்கல் கொள்ளைக்காரன் அல்ல, வரைபடம். ஒரு மாநிலம் தந்த உரிமத்தை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்ற மத்தியச் சட்டம் இல்லை. 2013-இல், பென்சில்வேனியா உரிமம் வைத்திருந்த ஒரு தாய் நியூ ஜெர்சிக்குள் வண்டி ஓட்டிச் சென்றார். போலீஸ் நிறுத்தியபோது, நேர்மையாகத் தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே சொன்னார். கைதானார், குறைந்தபட்சச் சிறைத் தண்டனை விதிக்கப்படும் அபாயத்தில் நின்றார். 2015-இல் ஆளுநர் மன்னிப்பு அளித்த பிறகுதான் அது முழுமையாக நீங்கியது.

விமான நிலையங்களில் 2023-இல் மட்டும் பயணிகளின் கைப்பைகளிலிருந்து 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் சுமார் 93 சதவீதம் தோட்டா நிரப்பப்பட்டவை. மறந்துவிட்டேன் என்பதுதான் பெரும்பாலோர் சொன்ன காரணம். நிரப்பிய துப்பாக்கி எங்கே இருக்கிறது என்பதையே மறந்தவர் அதை ஏந்தத் தகுதியானவரா என்ற கேள்வியை அபராதத் தொகை தீர்த்துவிடாது.

அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கு இதில் நேரடியாகப் பொருந்தும் ஒரு விதி உண்டு. மாணவர், வேலை, சுற்றுலா என்று குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது, அந்தந்த மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும், மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. 2022-க்குப் பிறகு இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுச் சிறை. சுடும் பயிற்சிக் கூடத்தில் வாடகைக்கு எடுப்பதும் இதில் சிக்கவைக்கலாம். 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கு, படிப்பு நின்று விசா தகுதி இழந்த ஒரு வெளிநாட்டு மாணவர் புளோரிடாவில் பயிற்சிக் கூடத்துக்குப் போய்ச் சுட்டதில்தான் தொடங்கியது. தனக்குத் தகுதி இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்ததையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் 7–2 என்று சொன்னது. கிரீன் கார்டு பெற்றவர் துப்பாக்கி வாங்கலாம், மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு ஏந்தலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால், அவரையும் நாடு கடத்தச் சட்டம் இடம் தருகிறது.